அன்னக்கூடை

அந்துவான் சார் கொடுத்த தாளில் பதினான்கு சொற்கள்.
செவ்வாய்க்கிழமைக்குள் ஒவ்வொன்றுக்கும்
சொந்த வாழ்க்கையிலிருந்து ஒரு வாக்கியம்.
போலைட். கர்ட்டியஸ். கன்சிடரேட். கேலன்ட்.
ஒன்பதாவது, சிவல்ரி.
பிரெஞ்சுக் குதிரையிலிருந்து இறங்கிய சொல் என்றார்
நெல்லித்தோப்பு மருந்துக்கடை மாடியில்
மின்விசிறிச் சத்தத்துக்கு மேலே குரலெடுத்து.
அவருக்கு அதன்மேல் தனிப் பாசம்.
எனக்கு எழுத்துக்கூட்டவே வரவில்லை.

ஒன்பதே முக்கால் கடலூர் பஸ்.
ஜன்னலோரம் நான், மடியில் தாள்.
மீதி எட்டு ரூபாயைக் கேட்காமலே
திருப்பித் தந்தார் கண்டக்டர்: கர்ட்டியஸ்.
தவளக்குப்பத்தில் ஒருவர் எழுந்து
பிள்ளைக்காரிக்கு இடம் விட்டார்: கன்சிடரேட்.
அவர் இறங்கவேண்டிய ஊரே அதுதான்.
இருந்தாலும் எழுதிக்கொண்டேன்.

கன்னியக்கோயிலில் ஏறினார்கள்
எல்லைக்கு அந்தப்பக்க விலையில் குடித்தவர்கள்.
என் பக்கத்தில் உட்கார்ந்தவர்
இஸ்திரி கலையாத மனிதர்.
"படிக்கிறீங்களா மேடம்? குட், குட்."
போலைட் என்று எழுதப் பேனாவைத் திறந்தேன்.
சாலை நேராகத்தான் போனது.
அவர் மட்டும் ஒவ்வொரு வளைவிலும் சாய்ந்தார்.
முழங்காலுக்கு வேறு பாஷை.

தேவனாம்பட்டினத்துப் பச்சைவாழி,
எட்டாவதுவரை என் வகுப்பு,
விற்று முடித்த கூடையோடு பின்னாலிருந்து வந்தாள்.
"சார், காலை மடக்கு."
அவ்வளவுதான்.
அவருக்கும் எனக்கும் நடுவில்
அன்னக்கூடையைச் செருகினாள்.
அடியில் ஐஸ் கரைந்த தண்ணி, ஒட்டிய செதில், சங்கரா வாடை.
இஸ்திரி மடிப்பில் மெல்ல ஈரம் ஏறியது.
மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்துபோனார்.
அவள் உட்கார்ந்தாள்.
கூடை நகரவில்லை.

"என்னடி தாளு?"
சொன்னேன்.
கவசம் போட்ட வீரன், குதிரை,
கோட்டை மேல் நிற்கும் பெண்,
அவளுக்காக அவன் உருவும் வாள்.
முழங்கைச் செதிலை நகத்தால் பெயர்த்தபடி கேட்டாள்:
"குதிரைக்குப் புல்லு யாரு போட்டது?"
தாளில் இல்லை.
"அவ எதுக்குக் கோட்டை மேல நிக்கிறா,
யாரு பூட்டினது?"
அதுவும் இல்லை.

ஆல்பேட்டை சோதனைச்சாவடியில் டார்ச் ஏறி வந்தது.
இஸ்திரி சட்டையைப் பார்த்து "போங்க சார்."
பச்சைவாழியிடம் "கூடையைக் கவிழு."
கவிழ்த்தாள்,
அவர் பூட்ஸுக்கு மேலேயே.

மஞ்சக்குப்பத்தில் என் அண்ணன் வேங்கடபதி,
வண்டியை அணைக்காமல் நிற்கிறான்.
பன்னிரண்டாவது சொல்லுக்கு அவன்தான்.
'என் அண்ணன் தினமும் எனக்காகக் காத்திருக்கிறான்.'
பொய்யே இல்லாத வாக்கியம்.
ஏறுவதற்கு முன் என் போனை வாங்கி
யார் யார் அழைத்தார்கள் என்று
அவன் விரல் மேலும் கீழும் போவதற்குத்தான்
தாளில் இடமில்லை.
ஒரு சொல்லுக்கு ஒரு வரி.

பச்சைவாழிக்கு யாரும் வரவில்லை.
கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு
கடல்பக்கம் திரும்பினாள்.
"அவளும் ஏறட்டும்" என்றேன்.
"நாத்தம் புடிக்கும் சீட்டு."
"அப்ப நீ போ."
எனக்கே தெரியாது அந்தக் குரல்.
போனைத் திருப்பி வாங்கிக்கொண்டு நடந்தேன்.

அவன் போகவில்லை.
முதல் கியரில் உறுமிக்கொண்டு பின்னாலேயே வந்தான்,
காவலா கோபமா, அவனுக்கே தெரிந்திருக்காது.
ஹெட்லைட்டில் எங்கள் நிழல்கள் முன்னே நீண்டன.
அவள் நிழலுக்கு மட்டும் இரும்புத் தொப்பி.
"பாத்தியா" என்றேன்.
"எதை?" என்றாள்.
நாளைக்கு ஐஸ் விலை ஏறுதாம் என்றாள்.

செவ்வாய்க்கிழமை பதின்மூன்று வாக்கியம் கொடுத்தேன்.
ஒன்பதாவதற்கு நேரே
ஒரு செதில் ஒட்டியிருந்தது.
பேனா முனையால் சுரண்டிப் பார்த்தார் அந்துவான் சார்.
தாள்தான் கிழிந்தது.