எட்டு ஒன்பதுகள்

ஜூலை மாதம். மொன்டெவிடியோவில் குளிர்.
நான்காம் மாடி ஜன்னலை ஆற்றுக்காற்று உலுக்க,
துறைமுகத் தொழிலாளர் ஓய்வூதிய நிதிக்கு
ஒரு புதுமொழி தேட உட்கார்ந்தோம் ஐந்து பேர்.
மாத்தே குடுவை கைமாறி வந்தது.
ஒரே உறிஞ்சுகுழல், ஐந்து வாய்.
ஒத்துப்போனது அது ஒன்றில்தான்.

பழைய நிரல் கோபோல்.
என்னைவிட மூன்று வயது மூத்தது.
எல்லாமே பெரிய எழுத்து, காது கேளாதவரிடம் கத்துவதுபோல.
ஒரு முற்றுப்புள்ளி விட்டுப்போனால்
ஒரு விதவையின் பணம்
அடுத்த வாக்கியத்தோடு ஒட்டிக்கொண்டு போய்விடும்.
2009 மார்ச்சில் போனது.
அவள் வந்து நின்ற பச்சைக் கோட்டு இன்னும் நினைவிருக்கிறது.

வில்மார், ஜாவா என்றான்: "ஆள் கிடைப்பார்கள்."
மிலாக்ரோஸ், ரஸ்ட்: "தப்பு கிடைக்காது."
பைத்தான் என்ற ஃபாபியானை
இருவருமே பரிதாபமாகப் பார்த்தார்கள்.
நான் வேகத்துக்கு ஒரு பட்டியல், செலவுக்கு ஒரு பட்டியல் வைத்திருந்தேன்.
இரண்டும் எனக்கே அலுப்புத் தட்டின.

கணக்குப் பிரிவு நெலிடா எட்செகோயன்
பிஸ்கட்டைக் கடிக்காமல் கையிலேயே வைத்திருந்தாள்.
"மொழி உங்கள் பாடு.
நிரல் மாதாமாதம் பதினோராயிரத்து இருநூற்றுப் பதினொரு பேரை எண்ணுகிறது.
நான் பணம் அனுப்புவது
பதினோராயிரத்து இருநூற்று நான்கு பேருக்கு.
அந்த ஏழு பேர் யார்?"

திறந்தோம்.
இறந்த நாள் என்றொரு கட்டம், எட்டு இலக்கம்.
காலியாக விட்டால் நிரல் இடறி விழும்.
ஆகவே உயிரோடிருப்பவர்களுக்கெல்லாம் ஒன்பதுகள்.
தொண்ணூற்றொன்பதாம் மாதம், தொண்ணூற்றொன்பதாம் நாள்,
ஆண்டும் அப்படியே.
ஒவ்வொரு மாதமும் நிரல் கேட்கும்: அந்த நாள் வந்துவிட்டதா?
இல்லை. பணம் போகும்.
உயிரோடிருத்தல் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது.

அந்த ஏழு பேருக்கு மட்டும் எட்டு எட்டுகள்.

ஏழாம் நெடுவரிசையில் ஒரு நட்சத்திரக்குறி;
இயந்திரம் தாண்டிவிடும், மனிதர் மட்டும் படிக்கும் வரி:
"தொடாதே. ஆர்.கே., நவம்பர் 1978."

சீருடைகள் ஆண்ட வருடம்.
ஷிப்ட் முடிந்து வீடு சேராத ஏழு பேர்.
இறந்தார்கள் என எழுத ஒரு தேதி வேண்டும்; தேதியை யாரும் தரவில்லை.
இருக்கிறார்கள் என எழுதினால்
எழுதியவரைத் தேடி வருவார்கள்.
நடுவில் ஓர் எண்ணைக் கண்டுபிடித்திருக்கிறார் ஆர்.கே.

எட்டுகளும் இன்றைக்குப் பிந்தியவைதாமே.
நிரல் அவர்களைக் கூட்டிக்கொண்டே நடந்திருக்கிறது:
இயந்திரத்துக்குள் அவர்களுக்கு அறுபது வயதானது,
ஓய்வு கிடைத்தது, விலைவாசிப் படி ஏறியது.
மூத்தவருக்கு இப்போது நூற்று மூன்று.
கோரப்படாத கணக்கில் பணம் கிடந்தது.

காற்று கொஞ்ச நேரம் பேசியது.

பிறகு மிலாக்ரோஸ்:
ரஸ்டில் மூன்று நிலை வரையலாம்.
இருக்கிறார்; இறந்தார், இன்ன தேதியில்; மூன்றாவது.
எங்கேனும் ஒன்றை நாம் மறந்தால் கம்பைலர் வழிவிடாது.
"ஜாவாவிலும் இப்போது அது உண்டு," என்றான் வில்மார்.
சண்டைக்குச் சொல்லவில்லை.

ஜாவாதான் வந்தது.
ஆள் கிடைப்பார்கள் என்பதற்காக, வேறொன்றுமில்லை.

மூன்றாவதற்குப் பெயர் வைக்கத்தான் மூன்று வாரம் பிடித்தது.
"தெரியாது": யாருக்கோ தெரியுமே, என்றாள் நெலிடா.
"தொலைந்தவர்": தாமே வழி தவறியதுபோல.
"செயலற்றது" என்று எழுதிய ஃபாபியான்
யாரும் பார்க்குமுன் தானே அழித்தான்.
இப்போது நிரலில் இருப்பது
எங்களிடம்_சொல்லவில்லை.
நீளம் அதிகம் என்று தரக்கட்டுப்பாட்டுக்காரர் திருப்பி அனுப்பினார்.
அப்படியே மறுபடி அனுப்பினோம்.

நட்சத்திர வரியையும் எடுத்து வந்தோம்.
புதுமொழியில் அதற்கு முன்னால் இரண்டு சாய்கோடுகள்.

நெலிடா ஏழு முகவரிகளை அச்செடுத்துப்
பையில் மடித்துக்கொண்டாள், சனிக்கிழமை.
முதல் முகவரியில் டயர் கடை.
இரண்டாவதில் மணியடித்தாள்.