கத்துவது யார், பார்ப்போம்

புந்தா அரேனாஸில் காற்றுக்கு விடுமுறை கிடையாது.
தெருமுனைகளில் கயிறு கட்டியிருக்கிறார்கள்,
பிடித்துக்கொண்டு நடக்க.
அதைப் பிடித்தபடி மாதம் ஒருமுறை
மிர்கோ வுகாசோவிச்சின் நண்டுக் கிடங்குக்குப் போகிறேன்.
மணிக்கணக்கில் கூலி.
வழியில் காற்றோடு மல்லுக்கட்டிய அரைமணிக்கு
பில்லில் இடமில்லை.

சர்வர் கொதிகலன் அறையில் இருக்கிறது.
அதன் தலையில் உபால்டோவின் ஈரக் கையுறைகள் காய்கின்றன.
காயப்போடாதீர் என்று எழுதி ஒட்டினேன்.
ஒட்டிய தாளின் மேலும் ஒரு கையுறை.

ஒரே பெட்டிக்குள் நான்கு தரவுத்தளங்கள்,
ஒரு வீட்டில் நான்கு அடுப்பு மாதிரி.
ஒன்றில் என்ன வேகிறதென்று
அடுத்ததற்குத் தெரியாது.
முதலாவது, எடித்தின் வரவுசெலவு.
இரண்டாவது, எந்தப் படகு எத்தனை கிலோ.
மூன்றாவது சம்பளம். அதற்கு மட்டும்
மாதக் கடைசியில் எல்லோரும் மரியாதை.
நான்காவது
பத்தோடு பதினொன்று, அத்தோடு இது ஒன்று.
பெயர்: ப்ருவேபா இரண்டு. சோதனை இரண்டு.
சோதனை ஒன்று எங்கே என்று கேட்க ஆளில்லை.
நிறுவியவன் கப்பலேறிப் போய்விட்டான்.

தினமும் இரவு இரண்டு மணிக்கு பேக்கப் ஓடும்.
காலையில் பச்சை எழுத்தில்: வெற்றி.
பதினான்கு மாதம் அந்தப் பச்சையை நம்பி
காப்பி குடித்தேன்.
ஒருநாள் வேலை குறைவு, வெளியே காற்று அதிகம்,
முழு லாக்கையும் படித்தேன்.
பட்டியலில் மூன்று பெயர்கள்தான்.
வெற்றி பொய் சொல்லவில்லை.
கேட்டதற்குப் பதில் சொன்னது, அவ்வளவுதான்.

எடித் சொன்னாள்: என்னுடையதில்லை.
மிர்கோ கேட்டார்: இடம் அடைக்கிறதா? அழி.
உபால்டோ கையுறையைத் திருப்பிப் போட்டான்.

எங்கள் தொழிலில் ஒரு மட்டமான வழக்கம் உண்டு.
யாருடையதென்று தெரியாததை நிறுத்து.
கத்துவது யார், பார்.

செவ்வாய், விடியற்காலை நான்கு மணி. நிறுத்தினேன்.
அன்று யாரும் கத்தவில்லை.
புதன், எடித் ஸ்டேப்ளர் பின் கேட்டாள்.
வியாழன், துறைமுகத்தை மூடிவிட்டார்கள்,
படகில்லை, ஆளில்லை, சத்தம் முழுக்கக் காற்றுடையது.
"அழிக்கலாம்" என்று
என் சின்ன நோட்டில் எழுதி
அடிக்கோடும் போட்டேன்.

வெள்ளி, காலை ஏழு பத்து. போன்.
உபால்டோ கத்தவில்லை.
கோயிலுக்குள் பேசுகிறவன் மாதிரிச் சொன்னான்:
"நெலிடா, தொட்டியில் தண்ணீர் சுற்றவில்லை.
நண்டுகள் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறுகின்றன."

உயிர் நண்டுத் தொட்டியின் பம்ப் பெட்டி
நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலையை
எழுதி வைக்குமாம். எங்கே?
நான்காவதில்.
எழுத இடமில்லாமல் மூன்று நாள்
எல்லாவற்றையும் வாயிலேயே அடக்கிவைத்திருந்து
பிறகு மூச்சை நிறுத்திவிட்டது.

படுக்கையில் உட்கார்ந்தபடியே இணைந்தேன்.
மறுபடி தொடங்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.
நானூற்றுப் பன்னிரண்டில் பத்தொன்பது செத்தன.

பத்தொன்பதின் விலையை மிர்கோ
என் பில்லில் கழித்தார்.
கழித்த கையோடு அவற்றில் இரண்டை
வேகவைத்து, எலுமிச்சம்பழத்தோடு
வீட்டுக்கு அனுப்பினார்.
திட்டியிருந்தால் சாப்பிட்டிருக்க மாட்டேன்.

இப்போது பட்டியலில் நான்கு பெயர்கள்.
பச்சை எழுத்து வந்தது. நம்பவில்லை.
ஞாயிறு இரவு, பழைய மடிக்கணினியில்
நான்காவதை மீட்டெடுக்க விட்டுவிட்டு
நண்டின் காலை உடைத்தேன்.
பதினொரு வருடம், நிமிடம் நிமிடமாக,
யாரும் ஒருமுறைகூடப் படிக்காத வரிகள்:
ஆறு புள்ளி ஒன்று.
ஆறு புள்ளி ஒன்று.
ஆறு புள்ளி பூஜ்யம்.
விரலைத் துடைத்துவிட்டுக் கீழே இறங்கினேன்.
ஆறு புள்ளி ஒன்று, செவ்வாய், மூன்று ஐம்பத்தொன்பது.
அடுத்த வரி
வெள்ளி, ஏழு பதினாறு.
ஒன்பது புள்ளி நான்கு.