விலாசம்

பள்ளத்தூர் சேவுகன் சமையல் கான்ட்ராக்டுக்கு
ஆர்டர் படிவம். நான்கே கட்டம்:
பெயர், தேதி, ஊர், எத்தனை இலை.
பொத்தான் வேண்டாம் என்றுவிட்டார்.
"சுவிட்சு மாதிரி இருக்கு.
நீலமா கோடு போட்ட எழுத்து வைங்க, தொட்டாப் போகணும்."

சரி, லிங்க்.

வைகாசி. மண்டபமெல்லாம் சீரியல் விளக்கு.
மூன்று நாளாக அவரிடம் மட்டும்
யாரும் சோறு கேட்கவில்லை.

செக்காலை ரோடு மாடியறை.
கீழே ஜெராக்ஸ் கடை ஷட்டர் இறங்கியாயிற்று.
'அனுப்பு' என்பதை அழுத்துகிறேன்.
பக்கம் விருட்டென்று உச்சிக்கு ஓடி நிற்கிறது,
சொன்ன வேலையை முடித்துவிட்டதைப் போல.
அந்த ஓட்டம் என் தப்பு.
போகுமிடம் எழுத வேண்டிய இடத்தில்
வெறும் ஹேஷ் வைத்திருந்தேன்.
ஓடாதே என்று முதல் வரியிலேயே எழுதினேன்.
இப்போது ஒன்றுமே நடக்கவில்லை.
முன்னேற்றம்தான், ஒரு வகையில்.

சப்மிட் வரிக்கு முன்னால் ஓர் அலர்ட்: வந்தேன்.
பின்னால் ஓர் அலர்ட்: போனேன்.
வந்தேன், வந்தேன், வந்தேன் என்கிறது.
போகவில்லை.

கன்சோலைத் திறந்தால் சிவப்பில் ஒரு வரி:
சப்மிட் என்பது ஃபங்ஷன் அல்ல.

அல்லவா? பின்னே என்ன,
அரைக்கீரையா?

அடைப்புக்குறிகளை எண்ணினேன்.
எழுத்துக்கூட்டிப் படித்தேன்.
டீ ஆறி ஆடை கட்டியது.
பன்னிரண்டரைக்கு மேல்தான் கண்ணில் பட்டது:
பழைய தளத்திலிருந்து நான் வெட்டி ஒட்டிய துண்டில்
மறைத்து வைத்த ஒரு பொத்தான்.
அதன் பெயர் சப்மிட்.

படிவத்திடம் போய் 'உன் சப்மிட்' என்றால்
தன் செயலை மறந்துவிட்டு
அந்தப் பெயருள்ள பிள்ளையை
முன்னால் தள்ளிவிடுகிறது.
பிள்ளைக்கு எதுவும் தெரியாது.
நிற்கிறது.

எங்கள் தெருவிலேயே மூன்று சேவுகன்கள்.
வெறும் பெயரைச் சொல்லிக் கூவினால்
எந்தக் கதவு முந்துகிறதோ அதற்குத்தான் கடிதம்.
அதனால்தானே மெ.சித., அள.வீர. என்று
பெயருக்கு முன்னால் எழுத்துகளை நிறுத்தினார்கள்.
பொத்தானுக்கும் கொடுத்தேன்
மூன்றெழுத்து: பி.டி.என்.

சேமித்தேன். சோதனைக்கு,
பெயர்: ககக. தேதி: நாளை.
ஊர்: காரைக்குடி. இலை: ஒன்று.
தொட்டேன்.

போயிற்று.
இருட்டில் நான் ஒருமுறை கைதட்டியது
எதிர்வீட்டு நாய்க்குப் பிடிக்கவில்லை.

ஒன்றேகாலுக்கு போன். கல்லலில்
கல்யாண வேலையில் இருக்கிறார்.
விறகு வெடிக்கிறது, அண்டா இழுபடுகிறது.

"ஆர்டர் வந்துருச்சு! பேரு ககக.
வெளிநாட்டு ஆளோ என்னமோ.
ஒரே இலைன்னாலும் போட்டுருவோம்,
முதல் ஆர்டரை வேண்டாம்னு சொல்லக்கூடாது.
ஆனா காரைக்குடியில எந்த வீடுன்னு போய் நிக்கிறது?
விலாசமே கேக்கலையே உங்க படிவம்?"

வாயெடுத்தவன் மூடிக்கொண்டேன்.
எடிட்டரைத் திறந்து
ஐந்தாவது கட்டம் போட ஆரம்பித்தேன்.