கூடுதல் விளக்கம், ஒரு பக்கத்துக்கு மிகாமல்

சேர்க்கைக் குழுவுக்கு,
டுலூத்திலிருந்து லைல் ஹாகன்.

மதிப்பெண் பட்டியலில்
என் வண்டவாளம் ஏற்கெனவே தண்டவாளம் ஏறிவிட்டது:
நாலுக்கு இரண்டு புள்ளி நாலு.
கரிம வேதியியலில் இருமுறை தோல்வி.
இரண்டாம் முறை
தேர்வுக்கே போகவில்லை.

சட்ட நுழைவுத் தேர்வில்
நூற்று எண்பதுக்கு நூற்று எழுபத்திரண்டு.
இரண்டும் ஒரே ஆள்தானா என்று
நீங்கள் கேட்குமுன்
என் அக்கா சோல்வெய்க் கேட்டுவிட்டாள்.

முதல் வரைவில் அப்பாவின் பக்கவாதத்தை எழுதினேன்.
உண்மைதான். ஆனால்
அவர் விழுந்தது மூன்றாம் ஆண்டில்,
நான் விழுந்தது முதலாம் ஆண்டிலேயே.
அழித்தேன்.

அடுத்த வரைவில் 'முதிர்ச்சி' என்ற சொல்
ஐந்து முறை வந்திருந்தது.
அதையும்.

நடந்தது இவ்வளவுதான்.
நகராட்சியின் பனி தள்ளும் வண்டியில் இரவு வேலை.
இரும்புத்தாது ரயில் வந்தால் கேட்டில் நிற்க வேண்டும்,
நூறு பெட்டிக்கு மேல்.
ஸ்டீயரிங் மேல் புத்தகத்தை விரித்தால்
கடைசிப் பெட்டி போவதற்குள் நான்கு கேள்விகள்.
எந்த வாதத்தில் எங்கே ஓட்டை?
எனக்குச் சட்டென்று தெரியும்,
சொந்தமாகவே நிறைய வைத்திருந்தவன்.

அந்தக் குளிர்காலம் முழுக்க
யாரும் எனக்கு மதிப்பெண் போடவில்லை.
படிப்பு பிடித்துப்போனது அப்போதுதான்.

இதை வைத்து
நான் நல்ல வக்கீலாவேன் என்று முடிவுகட்ட முடியாது.
தர்க்கப்படி செல்லாது.
தேர்வில் அந்த மாதிரிக் கேள்வியை
நான் சரியாகவே குறித்தேன்.

பக்கத்தில் இன்னும் இடமிருக்கிறது.
வெளியே பனி கொட்டுகிறது,
வண்டியை எடுக்கச் சொல்கிறார்கள்.