பறி

தட்டு நிறைய கேழ்வரகு.
அதுக்குள்ள என்னமோ புதைச்சு வச்சிட்டு
கண்ண மூடுங்கம்மாங்கிறான் யாபேஸ்.
பட்டனா, திருகாணியா, புளியங்கொட்டையா,
விரலால தேடிச் சொல்லணும்.

சிரிப்பு வந்திடுச்சு எனக்கு.
தம்பி, பழவேற்காட்டுக் கழியில
பதினோரு வயசுலேர்ந்து நான் செஞ்சது இதுதான்.

நின்னா முட்டி, உக்காந்தா மாரு.
அந்த ஆழம்தான் எங்க ஆழம்.
வத்தத் தண்ணியில வரிசையா உக்காருவோம்.
பறியோட கயித்தப் பல்லுல கடிச்சிக்கணும்.
பேசக் கூடாதுன்னு சட்டமில்ல, வாய் காலியில்ல.
குதிங்கால் அமுக்கின குழியில
இறால் வந்து ஒண்டும்.
மார்கழியில இன்னும் சுருக்கா வரும்,
குளுருக்கு அதுக்கும் ஒரு வீடு வேணுமில்ல.
எங்க காலடியையே நாங்க
திரும்பித் திரும்பித் தடவிக்கிட்டிருப்போம்.
கலங்கல்ல கண்ணு எதுக்கு?
இது வெள்ளை, இது கருப்பு,
இது நண்டு, கைய எடு,
இது கெளுத்தி, மூச்சு விடாத.
எல்லாம் விரல்தான் சொல்லும்.

அன்னைக்கு விரல் சொன்னது
பீர் பாட்டில், பாதி பாட்டில்னு.
சொல்லி முடிக்கிறதுக்குள்ள
மணிக்கட்டு தொறந்து கெடந்தது.
தண்ணி செவந்ததப் பாத்து பொன்னாத்தா கத்துனா.
கத்துனதுல அவ பறி வாயிலேர்ந்து விழுந்து
உள்ள இருந்த இறால் அத்தனையும் தப்பிச்சிடுச்சு.
எனக்கும் அவளுக்கும் அந்தக் கணக்கு
இன்னும் தீரல.

நரம்ப இங்க வேலூர்ல தச்சாங்க.
நாளைக்கு ஒரு மில்லி வளரும்னாங்க.
ஆடியில தச்சது, இப்ப மார்கழி.
நான் பஸ்ல வந்து வந்து போறேன்,
நரம்பு நடந்து வருது.

கேழ்வரகுல கை ஊமை.
புளியங்கொட்டையத் திருகாணின்னேன்.
யாபேஸ் ஒண்ணும் எழுதாம பேனாவ மூடினான்.

தோட்டப்பாளையத்துல நாள் வாடகை ரூம்.
குழாய்த் தண்ணிய வாயில வச்சா கரிக்குது.
தோல் ஷாப்பு உப்புங்கிறா வீட்டுக்காரி,
மலையே உப்புதாங்கிறான் வாட்ச்மேன்.
கடலு நாலு மணி நேரம் தள்ளி இருக்குது,
கரிப்பு மட்டும் எப்பிடியோ
எங்களுக்கு முன்னாலயே வந்திருக்கு.
ராத்திரியில மொட்டைப் பாறை மலையெல்லாம்
மூட்டை மூட்டையா குளுர எறக்குது.

எங்க ஆளு மீன் மார்க்கெட்டுக்குப் போயி
கால் கிலோ இறால் வாங்கியாந்தான்.
வெலைய சொல்லல, சண்டை வரும்னு தெரியும்.
பக்கெட்டுல தண்ணி புடிச்சி உள்ள போட்டு
என் பாவாடை நாடாவ
என் பல்லுலயே குடுத்து
கண்ண மூடுறின்னான்.

தேடுறேன். அடி பக்கெட்டு வழவழன்னு இருக்கு.
சேறு இல்ல, குழி இல்ல, காலடி இல்ல.
எது இறால் எது என் விரல்னு
பிரிக்க முடியல.
போதும்னு கைய எடுக்கப் போறப்ப
கட்டை விரல் நுனியில
சுருக்குனு.

வடிவம் இல்ல. ஓடு தெரியல, மீசை தெரியல.
குளுரு.
எந்தக் கழியோ, எந்தப் பொம்பளை புடிச்சதோ,
ஐஸ்ல படுத்து லாரியில வந்த குளுரு
தச்ச எடத்தத் தாண்டி மேல ஏறுது.
வலின்னா அப்பிடி ஒரு வலி.
கத்துனா நாடா விழுந்திடும்.
பொன்னாத்தாவ நெனைச்சிக்கிட்டு
கடிச்சிக்கிட்டே இருந்தேன்.

மறுநாளு யாபேஸ் எழுதினத
அவனே படிச்சுக் காட்டினான்.
எட்டியம்மா. வலது கட்டை விரல்.
குளிர்: உண்டு.
தொடுதல், கூர்மை, வடிவம்னு மத்ததுக்கெல்லாம்
சின்னச் சின்னதா ஒரு கோடு.

இறால அன்னைக்கு ராத்திரியே ஆக்கிட்டோம்,
அந்தப் பக்கெட்டுத் தண்ணியிலயே.
உப்பு போடல.