இரண்டு மணிச் சுற்று

போடிமெட்டில் ராத்திரி இரண்டு மணிக்குப்
பனி, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்.
டார்ச்சை உள்ளங்கையால் பொத்தி
விரலிடுக்கில் கசியும் சிவப்பில்
கட்டில் கட்டிலாகப் போகிறேன்.

ஆறாவதில் லின்சி
கண் திறக்காமலே கை நீட்டுகிறாள்.
"ஆள்காட்டி விரல் வேண்டாம், காலைல கேரம் இருக்கு."
சுண்டுவிரலில் ஒரு பொட்டு.
நூற்று நாற்பத்திரண்டு. தூங்குடி.

பதினொன்றில் ஷிபானா,
உடும்பன்சோலைக்காரி, நேற்றுத்தான் வந்தாள்.
தலையணை வியர்வையில் ஊறியிருக்கிறது.
ஐம்பத்தேழு.
உலுக்கி உட்காரவைத்து
ஜூஸ் டப்பாவில் ஸ்ட்ரா குத்தி உதட்டில் வைக்க,
"நேரம் வெளுத்தோ சேச்சி?"
இல்லை, உறிஞ்சு.

இனிப் பதினைந்து நிமிடம்.
அவள் முதுகு என் தோளில்.
வளைவில் ஏதோ லாரி கியர் மாற்றுகிறது.

பன்னிரண்டாம் போர்வை கேட்கிறது:
"எவ்வளவுக்கா?"
சொல்கிறேன்.
"நான் ஒருவாட்டி நாப்பத்தொண்ணு."
"நான் முப்பத்தாறு, வலிப்பே வந்துச்சு"
என்று ஒன்பதிலிருந்து, பெருமையாக.
பள்ளிக்கூடக் கழிவறையில் தாழ்ப்பாள் போட்டு
ஊசி குத்திக்கொண்ட பிள்ளைகள்
கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி
இருட்டில் எண்களை வீசிக்கொள்கிறார்கள்.

தொண்ணூற்று நான்கு.
ஒரு பிஸ்கட் தின்று ஷிபானா சரிந்துவிட்டாள்.

கதவருகே வந்து
என் விரலைக் குத்திக்கொள்கிறேன்,
சத்தமில்லாமல்தான்.

"உங்களுக்கு எவ்வளவுக்கா?"