நான்கு விரற்கடை

"ஜன்னல் மூலையில் செருகிவிடு" என்றாள் மக்வாலா.
பின்னால் நான்கு விரற்கடை விடவேண்டும்,
இல்லையென்றால் சூடு போக வழியில்லை என்றேன்.
"இந்தச் சமையலறையில்
எனக்கே அவ்வளவு இடமில்லை."

திபிலிசியின் பழைய கட்டடம்.
பிளக்பாயின்ட்டில் எர்த் இல்லை.
மீட்டர் பெட்டியிலிருந்து மூன்று மாடிக்குக் கம்பி இழுத்தேன்.
தலையெல்லாம் சுண்ணாம்பு.

ஓடுகிறதா பார்க்கலாமென்று
ஆறிப்போன என் காப்பியை அவள் உள்ளே வைத்தாள்,
தங்கக்கரை போட்ட கல்யாணக் கோப்பையோடு.
நான் பாய்வதற்குள்
விளிம்பைச் சுற்றி நீலப் பொறி.
அணைத்தேன்.
கறுத்த கரையைக் கட்டைவிரலால் தேய்த்தபடி,
"பதினோரு வருஷத்தில்
இது மின்னியது இன்றைக்குத்தான்" என்றாள்.

உலோகம் கூடாது.
காலியாக ஓட்டாதே.
தண்ணீர் சுடவைத்தால்
மரக்கரண்டி ஒன்று போட்டுவை:
சில சமயம் குமிழே விடாது,
கொதித்ததைக் காட்டிக்கொள்ளாமல் கிடக்கும்,
தொட்டதும் முகத்தில் சீறும்.

"யாரைச் சொல்கிறாய்?"

கூலியை எண்ணாமல் பையில் போட்டேன்.
இரண்டாம் மாடி இறங்கும்போது
மேலே டிங் என்றது.
கைப்பிடியைப் பிடித்தபடி நின்றேன்,
கரண்டி குவளையில் தட்டும் சத்தம்
கேட்கும்வரை.